மலையிறங்கும் வண்டியில் முன்சக்கரப் பிரேக்கு சூடேறுவது ஏன்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு ஏறும் பாதையில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு வரையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை இம்மாவட்டத்தில் அறியாதார் இலர். இப்பாதை வருமுன் மலைவாழ் மக்கள் தங்கள் விளைபொருள்களைத் தலைச்சுமையாகவே அடிவாரச் சந்தைகளுக்குக் கொண்டுசென்றனர். இன்று அச்சுமையைப் பிக்கப் வண்டிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. வாழையும் பலாவும் அன்னாசியும் மிளகும் இவ்வண்டிகளில் தான் கீழிறங்குகின்றன. சேகோ ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளிக் கிழங்கில் ஒரு பகுதியும் இவற்றில் தான் போகிறது. ஆகவே ஒரு வண்டியின் பிரேக்கு பழுதுபட்டால் அதனை வண்டிக்காரருடைய தனிச் சங்கடமாக மட்டும் கருதிவிட இயலாது. ஒரு சிற்றூரின் ஒரு வாரத்து விளைச்சல் சந்தைக்குப் போய்ச் சேருமா என்பதும், அந்த மூட்டைகளின்மேல் அமர்ந்து வருவோர் வீடு திரும்புவரா என்பதும் அதில் அடங்கியுள்ளன.

சென்ற ஆண்டு பலாப் பருவத்தில் ஒருநாள் காலை, ஆய்வுக் கூட்டமொன்றிற்காக நான் மலையிறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில், நாற்பதாம் வளைவை ஒட்டி, பலாப்பழம் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் முன்புறத்து இடச் சக்கரத்திலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. தோல் கருகினாற்போன்ற நாற்றம் வளைவு முழுதும் பரவியிருந்தது. ஓட்டுநர் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்று நீரைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை நோக்கி விரைந்தார். எங்கள் அலுவலக ஜீப்பின் ஓட்டுநர், முப்பது ஆண்டுகளாக மலைப்பாதையிலேயே வண்டி ஓட்டியவர், ஜீப்பை நிறுத்துவதற்கு முன்னரே, "தம்பி, ஊற்றாதே!" என்று உரக்கக் கூவினார்.

அவர் கூவியது ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவேன். வண்டிக்குரிய உழவர் என்னைக் கண்டதும், "ஐயா, மூன்று மாதத்தில் இரண்டு முறை பேடு மாற்றியாயிற்று, டிஸ்க்கும் ஒருமுறை புதிதாகப் போட்டாயிற்று. பத்து நடை ஓடினால் மறுபடியும் இதே கதைதான். இந்தச் சக்கரம் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்று சொல்வாரில்லை" என்றார். அவ்வினாவிற்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை. யான் பௌதிகம் பயின்ற பட்டதாரியே அன்றி மெக்கானிக் அல்லேன். இதிலுள்ள செய்முறைகளில் பெரும்பகுதி எங்கள் ஓட்டுநரும், பின்னர் அவ்வண்டியைப் பிரித்துப் பார்த்த முதிய மெக்கானிக் ஒருவரும் கற்பித்தவை.

முதற்கண், பிரேக்கு செய்யும் வேலை யாது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஓடும் வண்டியின் விசை எங்கும் மறைந்து போவதில்லை. பிரேக்கை மிதிக்கும்போது அவ்விசை உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பம் காற்றில் கலந்து கழிகிறது. ஆகவே பிரேக்கு சூடாவது குற்றமன்று. சூடாவதே அதன் தொழில். அளவிற்கு மீறிச் சூடாவதும், ஒரு சக்கரம் மட்டும் சூடாவதுமே குற்றம்.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். கணக்கின் வசதிக்காக மலைமேட்டுக்கும் அடிவாரத்துக்கும் இடையிலுள்ள உயரம் 1000 மீட்டர் என்றும், சுமையுடன் கூடிய வண்டியின் எடை 2,800 கிலோ என்றும் கொள்வோம். அவ்வண்டி கீழிறங்கி முடிப்பதற்குள் வெளிப்படும் ஆற்றல், தொண்ணூறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. திருமண வீட்டு அண்டா ஒன்றை அடுப்பிலேற்றிக் கொதிக்க வைப்பதற்கு வேண்டிய நெருப்பு அது. இதில் ஒரு பங்கு டயர்களின் உருளலிலும் காற்றின் தடையிலும் கழியும். எஞ்சியதை ஒன்று எஞ்சின் தாங்கவேண்டும், அல்லது பிரேக்கு தாங்கவேண்டும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடித்து அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். டீசல் மிச்சமாகும் என்று எண்ணி நியூட்ரலில் இறங்கவிட்டால், அவ்வளவு நெருப்பும் நான்கு சக்கரங்களின் மேல், குறிப்பாக முன்னிரண்டின் மேல் விழும். இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது டீசல் செலவாகிறது. எனவே அச்சிக்கனம் வெறும் மயக்கமே. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. அதனை மாற்றவேண்டிய தேவை இன்னும் எழவில்லை.

இன்று மலையில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கும் உள்ளன. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. அதனை இருபுறமும் கவ்வுவதற்குப் பேடு எனப்படும் இரு உராய்வுக் கட்டைகள் உள்ளன. அவற்றைத் தாங்கியிருக்கும் இரும்புப் பிடிக்குக் காலிப்பர் என்று பெயர். மிதிகட்டையை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே பாய்ந்து, காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உட்புறத்துப் பேடைத் தள்ளும். காலிப்பர் தன்னுடைய இரு வழுக்கு ஊசிகளின்மேல் நகர்ந்து, வெளிப்புறத்துப் பேடையும் இழுத்துவந்து தட்டில் பொருத்தும்.

காலை எடுத்தவுடன் பிஸ்டன் எவ்வாறு பின்வாங்குகிறது என்பதே இங்கு நுட்பமாகக் கவனிக்கத் தக்கது. டிரம் பிரேக்கில் ஷூக்களைத் திருப்பி இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் உள்ளன. டிஸ்க் பிரேக்கில் அத்தகைய ஸ்பிரிங்கு இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சற்றே முறுக்கி நின்று, அழுத்தம் நீங்கியதும் தன் பழைய வடிவிற்குத் திரும்பும்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது, அவ்வளவே. போகும்போது யானை பலம். திரும்பும்போது எறும்பு பலம். ஆதலால் திரும்பும் வழியில் சிறு துருவோ, சிறு அடைப்போ, சிறு இறுக்கமோ இருப்பினும் பேடு தட்டை விட்டு விலகாது. விலகாத பேடு வழி நெடுக உராய்ந்துகொண்டே வரும். "பிரேக்கு பிடித்துக்கொண்டே ஓடுகிறது" என்று ஓட்டுநர்கள் கூறுவது இதனையே.

இனி, நோயை அறியும் முறை. எங்கள் ஓட்டுநர் கூறிய சோதனை ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. "மலையிறங்கிய பின் எந்தச் சக்கரத்தைப் பார்த்தாலும் சூடாகத்தான் இருக்கும். ஏறி முடித்தபின் பாருங்கள்" என்றார். எத்துணை எளிய உண்மை! காரவள்ளியிலிருந்து மேலேறும் வண்டிக்குப் பிரேக்குக்கு வேலை மிகக் குறைவு. சோளக்காட்டில் வந்து நின்றவுடன் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனால் நான்கும் ஏறக்குறைய ஒரே தன்மையாக, மிதமான சூட்டில் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் அனலாய் இருந்தால், அது மிதிக்காமலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது என்பது உறுதி. கையை அருகில் கொண்டுபோனால் போதும், தட்டைத் தொடலாகாது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பல அலுவலகங்களில் வாங்கிவைத்த நெற்றி வெப்பமானியைச் சிலர் இதற்குப் பயன்படுத்த முயன்றதைக் கண்டேன். மனித உடலின் சூட்டை மட்டும் காட்டும் கருவி அது. பிரேக்கின் சூட்டைக் காட்டாது.

வேறு அடையாளங்களும் உண்டு. சமதரையில் கியரை நீக்கினால் வண்டி தானாக உருளாமல் விரைவில் நின்றுவிடும். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். இடச் சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி இடப்புறம் சாயும். தட்டின் முகம் நீலம் பாய்ந்திருக்கும். நாளடைவில் வீல் பேரிங்கின் கிரீஸ் உருகி வெளிவரும். டீசல் செலவு காரணமின்றிக் கூடும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சூடான சக்கரமே நோயுற்ற சக்கரம் என்று எப்போதும் முடிவு கட்டிவிடலாகாது. வலப்புறத்துக் காலிப்பர் துருவேறி அசையாது நின்றுவிட்டால், அச்சக்கரம் வேலையே செய்யாது. அதன் பங்கையும் இடப்புறமே சுமக்கும். அப்போது மலையிறங்கியபின் இடச் சக்கரம் அனலாகவும் வலச் சக்கரம் குளிர்ந்தும் இருக்கும். நேர்மையாக உழைத்தவனைக் குற்றவாளியாக்கி, சோம்பி நின்றவனை விட்டுவிடும் வழக்கம் அலுவலகங்களில் மட்டுந்தான் உண்டு என்று எண்ணியிருந்தேன். இவ்விரண்டையும் பிரித்தறிய ஏற்றச் சோதனையே துணை. ஏறி முடித்தபின்னும் சூடாக இருந்தால் சூடான சக்கரத்தில் கோளாறு. இறக்கத்தில் மட்டும் சூடானால் குளிர்ந்த சக்கரத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வண்டி ஒருபுறம் இழுத்தாலும், எதிர்ப்புறச் சக்கரம் பிடிக்கவில்லை என்ற ஐயம் எழவேண்டும்.

நாற்பதாம் வளைவில் நின்ற வண்டி, ஏற்றத்திலும் இடச் சக்கரம் சூடாகும் வண்டி. சூடு தணிந்தபின் மெல்ல இறக்கி, அடிவாரத்தில் ஒரு சிறு பட்டறையில் விட்டார்கள். அங்கிருந்த முதியவர் பேடையும் டிஸ்க்கையும் பார்க்கவே இல்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் தாங்கியும் வைத்தார். ஒருவரைப் பிரேக்கை மிதித்துவிடச் செய்து, சக்கரத்தைக் கையால் சுழற்றினார். இறுகிச் சுழல மறுத்தது. பின், காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்கென உள்ள சிறு நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினார். பிரேக் ஆயில் சீறிக்கொண்டு வெளிவந்தது. சக்கரம் உடனே தாராளமாகச் சுழன்றது.

இச்சோதனையின் பொருளை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால், காலிப்பர் குற்றமற்றது; மேலேயிருந்து வந்த அழுத்தம் திரும்பிப் போக வழியின்றிச் சிக்கிக்கொண்டிருந்தது என்பதே பொருள். திறந்தபின்னும் விடுபடாவிடில், சிக்கல் காலிப்பரிலேயே உள்ளது: பிஸ்டன் துருவேறியிருக்கலாம், வழுக்கு ஊசிகள் உலர்ந்து இறுகியிருக்கலாம், பேடுகள் தாங்கியில் துருவினால் கடித்துக்கொண்டிருக்கலாம், அரிதாகப் பேரிங்கை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கலாம்.

முதியவர் மறுபடியும் பிரேக்கை மிதிக்கச் செய்து, சக்கரம் இறுகியதும், இம்முறை ரப்பர் ஹோஸின் மேல்முனையில், இரும்புக் குழாயோடு சேருமிடத்துத் திருகைத் தளர்த்தினார். சில சொட்டுகள் மட்டும் கசிந்தன. சக்கரம் இறுகியபடியே நின்றது. அதாவது ஹோஸுக்கு மேலே அழுத்தம் இல்லை, கீழே உண்டு. நடுவிலுள்ள ஹோஸே திருடன்! அதனைக் கழற்றி நீளவாக்கில் கத்தியால் பிளந்து எங்களுக்குக் காட்டினார். வெளியே பார்த்தால் வெடிப்போ வீக்கமோ இல்லை. உள்ளே ரப்பர் உறை பெயர்ந்து, நாக்குப்போல ஒரு மடிப்பு எழுந்து நின்றது. மிதிக்கும்போது பேரழுத்தத்தில் அந்நாக்கு விலகி வழிவிடும். திரும்பும்போது கதவுபோல் மூடிக்கொள்ளும். இரண்டு முறை பேடும் ஒருமுறை டிஸ்க்கும் மாற்றியது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் போர்வையை மாற்றிய கதையாக முடிந்திருந்தது. இடம், வலம் இரண்டு ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றினார்கள். ஒரே வயதுடைய இரண்டில் ஒன்று கெட்டால் மற்றதும் நெடுநாள் தாங்காது.

மேல்முனையைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டிருந்தால், சிக்கல் அதற்கும் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் உள்ளதென்று கொள்ளவேண்டும். அவ்வாறாயின் பெரும்பாலும் ஒரு சக்கரம் மட்டுமன்றி இரு முன்சக்கரங்களும் சேர்ந்தே சூடாகும். மிதிகட்டைக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலுள்ள தள்ளுக்கோலுக்குச் சிறிதளவு தளர்ச்சி இருத்தல் இன்றியமையாதது. அத்தளர்ச்சி இல்லாவிடில் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். வெப்பத்தால் பெருகும் ஆயில் போக்கிடமின்றிப் பிரேக்கைத் தானே இறுக்கும். சிவப்பு விளக்கின் சுவிட்சை மாற்றுகையில் அதனை அளவுக்கு மேல் முன்னே தள்ளிப் பொருத்திவிட்டால், மிதிகட்டை முழுதும் மேலெழாமல் இதே விளைவு நேரும். சிறு சுவிட்சினால் இரண்டு டிஸ்க்குகள் வீணாவது நம்புதற்கு அரிதாகத் தோன்றும், ஆனால் நடப்பதே.

அவ்வுழவரின் கதை ஹோஸோடு முடிந்துவிடவில்லை. மறுவாரம் அவர் வண்டியுடன் அலுவலகத்திற்கே வந்தார். இடச் சக்கரம் இப்போது ஏற்றத்தில் சூடாவதில்லை. ஆயினும் சுமையோடு இறங்கினால் இரண்டு முன்சக்கரங்களும் நாற்றமெடுக்கும் அளவிற்குக் காய்கின்றன என்றார். பிரேக்கு பிடிக்கையில் எடை முன்னுக்குச் சாய்வதால் முன்சக்கரங்கள் கூடுதலாகச் சூடாவது இயல்பே. எனினும் இவர் வண்டியில் பின் டிரம்கள் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தன. பின் பிரேக்கு வேலை செய்யவே இல்லை.

காரணம் வேடிக்கையானது. கூடுதல் சுமை ஏற்றுவதற்காகப் பின் அச்சின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் சேர்த்திருந்தார்கள். இத்தகைய பல வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு வால்வு உள்ளது. சுமையேறி வண்டியின் பின்புறம் தாழ்ந்தால், "சுமை மிகுதி" என்று அறிந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். வெறுமையாக இருந்தால் குறைத்துக்கொள்ளும். பட்டை சேர்த்து ஸ்பிரிங்கை விறைப்பாக்கியபின் எவ்வளவு ஏற்றினாலும் பின்புறம் தாழ்வதில்லை. வால்வோ, வண்டி வெறுமையாய் இருப்பதாகவே எண்ணிப் பின் பிரேக்குக்கு அரைவயிற்றுச் சோறு இடுகிறது. சுமை முழுவதையும் நிறுத்தும் பொறுப்பு முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. அத்துடன் டிரம்மிலுள்ள ஷூக்களும் நெடுநாள் சரிபார்க்கப்படாமல் தேய்ந்து விலகியிருந்தன. பட்டைகளைக் கழற்றி, ஷூக்களை மாற்றி, வால்வின் கோலை அதன் அளவில் பொருத்தியபின் குறை நீங்கியது. பட்டைகளைக் கழற்ற அவருக்கு எளிதில் மனம் வரவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். "நடைக்குப் பத்து மூட்டை குறையுமே, ஐயா" என்றார். குறையத்தான் செய்யும். பதிவுச் சான்றிதழில் குறித்த எடைக்கு மேல் ஏற்றுவோர்க்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு என்று எடுத்துரைத்தேன். அதனைக் காட்டிலும், வண்டியில் உடன் வரும் அவர் மனைவி கூறிய சொற்களே பயன் தந்தன என்று பின்னர் அறிந்தேன்.

பிரேக் ஆயிலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் உயிர்ச்சேதத்திற்குக் காரணமாவது பெரும்பாலும் பேடு கருகுவதன்று, ஆயில் கொதிப்பதே. டாட் 3, டாட் 4 எனப்படும் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையன. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின்னர் அது 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். டாட் 4-க்கு இவ்வளவுகள் முறையே 230, 155 டிகிரி. ஆண்டில் பல மாதங்கள் மஞ்சு மூடிக்கிடக்கும் நம் மலையில், மூடி திறந்து கிடந்த ஆயில் புட்டியை நம்பலாகாது. கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழிகள் தோன்றும். நீர்மம் அழுந்தாது, ஆவி அழுந்தும். ஆகவே மிதிகட்டை பஞ்சுபோல் அழுந்தித் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இதற்கு மாறாக, மிதிகட்டை கல்போல் கடினமாக இருந்தும் வண்டி நிற்கவில்லையாயின், பேடுகள் மிகச் சூடாகி உராய்வுத் திறனை இழந்துவிட்டன என்றோ, பூஸ்டர் பழுதென்றோ கொள்ளவேண்டும். எவ்வாறாயினும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயில் முழுவதையும் மாற்றிவிடுதல் நன்று. தொட்டியின் மூடியில் எந்த வகை குறிக்கப்பட்டுள்ளதோ அதனையே ஊற்றவேண்டும். அவசரத்தில் எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிவிட்டால், உள்ளேயுள்ள ரப்பர்கள் அனைத்தும் உப்பிப் பிரேக்கு முழுதும் இறுகிப்போகும். பின்னர் எல்லா ரப்பர்களையும் மாற்றுவது தவிர வேறு வழியில்லை. வழுக்கு ஊசிகளுக்கும் சாதாரண கிரீஸ் ஆகாது. பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸே ஏற்றது.

பட்டறைக்குச் செல்வோர் ஒன்றைச் செய்யலாம். கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் உட்புறப் பேடு ஓலைபோல் தேய்ந்தும் வெளிப்புறப் பேடு தடித்தும் இருந்தால், வழுக்கு ஊசியோ பிஸ்டனோ இறுகியிருப்பதை அறியலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போடச் சம்மதிக்க வேண்டாம்.

வழியில் புகை கண்டால் செய்யவேண்டியவை சிலவே. அகலமான இடமாகப் பார்த்து, மலைச் சரிவின் பக்கம் ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கியரில் போட்டு, சக்கரத்திற்குக் கல் வையுங்கள். கைப்பிரேக்கு பின்சக்கரத்தைப் பிடிப்பதாகையால் அதனையும் இழுக்கலாம். கால்பிரேக்கை அழுத்தியபடியே காத்திருக்கலாகாது. தட்டின் ஒரே இடத்தில் சூடு தங்கி அது கோணும். தண்ணீர் ஊற்றலாகாது என்று எங்கள் ஓட்டுநர் கூவியதும் இதன்பொருட்டே; அனலாய்க் காய்ந்த இரும்பில் குளிர்நீர் பட்டால் கோணலும் வெடிப்பும் ஏற்படும். அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காற்றாட விடுங்கள். பழம் சற்று வாடும், பாதகமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதிகட்டை தரையைத் தொட்டுவிட்டால், விட்டுவிட்டு விரைந்து மிதித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரை ஒட்டி வண்டியை உரசி நிறுத்துவதே கடைசி வழி. தகரம் நசுங்கும், நசுங்கட்டும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியதும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், சேம்பரைக் கோயிலுக்கு மக்களை ஏற்றிச்சென்ற சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் மாண்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கு நேர்ந்தது பிரேக்குக் கோளாறு என்று யான் கூறவரவில்லை. சரக்கு வண்டியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றலாகாது என்ற சட்டத்தையும், மலையில் பேருந்து குறைவாய் இருக்கும் உண்மையையும் நாம் அனைவரும் அறிவோம். ஆடிப் பதினெட்டிலும் வல்வில் ஓரி விழாவிலும் நம் மலைப்பாதையில் எத்தனை வண்டிகள் ஆட்களோடு ஏறி இறங்குகின்றன என்பதையும் அறிவோம். விழாவிற்கு ஒரு மாதம் முன்னரே கூடுதல் பேருந்து வேண்டித் தீர்மானம் நிறைவேற்றி உரியவர்களுக்கு அனுப்புவது மன்றத்தின் கையில் உள்ளது. விழாவன்று காலையில் நினைவுகொள்வதில் பயனில்லை.

ஊரில் ஓடும் வண்டிகள் ஒவ்வொன்றிற்கும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வைக்கும்படி வண்டிக்காரர்களுக்குக் கூறலாம். பேடு மாற்றிய நாள், ஆயில் மாற்றிய நாள், எந்தச் சக்கரம் சூடாயிற்று, ஏற்றத்திலா இறக்கத்திலா: இந்நான்கையும் எழுதினால் போதும். அந்த உழவரிடம் இத்தகைய நோட்டு இருந்திருந்தால், ஒரே சக்கரத்தில் இரண்டாம் முறை பேடு கருகியபோதே ஹோஸின்மேல் ஐயம் விழுந்திருக்கும்.

இன்னொன்று. சக்கரத்திற்கு வைத்த கல்லை வண்டி புறப்படும்போது பலர் அங்கேயே விட்டுவிட்டுப் போகின்றனர். வளைவு திரும்பியதும் நடுச்சாலையில் கிடக்கும் அக்கல், மஞ்சு மூடிய இரவில் இருசக்கர வண்டியில் வருவோர் கண்ணுக்குத் தெரியாது. சென்ற மாதம் ஒரே மாலையில் எங்கள் ஓட்டுநர் அத்தகைய கற்கள் ஒன்பதை இறங்கிச் சென்று அப்புறப்படுத்தினார். மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி வண்டியிலேயே மாட்டி வைத்துக்கொண்டால் கல்லைத் தேடவும் வேண்டாம், அதனை மறந்து விட்டுச் செல்லவும் நேராது.